ஹிட்டா, எர்ரரா? ஸ்கோர் எழுதும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் மைதானங்களில் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஃபோனிலோ ஐபேடிலோ ஸ்கோர் எழுதும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

நான் டெக்சாஸில் இருக்கிறேன். என் மகன் பள்ளி அணியில் நான்கு வருடம் ஆடினான். அதில் மூன்று வருடம் அந்த அணிக்கு ஸ்கோர் எழுதியவள் நான். சீசன் தொடங்குமுன் நடந்த பெற்றோர் கூட்டத்தில் கோச், "ஸ்கோர் எழுத யாராவது வருகிறீர்களா?" என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கிரிக்கெட் தெரியும், கணக்கு வரும், சமாளித்துவிடலாம் என்று நான் கையைத் தூக்கினேன். உங்களில் பலரும் ஏறக்குறைய இப்படித்தான் இந்த வேலைக்கு வந்திருப்பீர்கள்.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். நாம் ஃபோனில் தொடுகிற ஒவ்வொன்றும் அன்று ராத்திரியே ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே எண்ணாகப் போய் உட்கார்ந்துவிடுகிறது. பார்க்கிறவர்கள் அதை யாரோ அதிகாரபூர்வமாகக் கொடுத்த எண் என்று நினைக்கிறார்கள். அப்படி யாரும் இல்லை. இருப்பது நாம்தான். அதனால் அந்த எண்ணை நம்பலாமா கூடாதா என்பது நம் கையில்தான் இருக்கிறது.

என் மகன் பத்தாவது படிக்கும்போது, மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. இரண்டு அவுட், இரண்டு பேர் பேஸில் (ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய நாலு முனைகள்தான் பேஸ்; மூன்று அவுட்டில் இன்னிங்ஸ் முடியும்). அவன் அடித்த பந்து தரையோடு ஓடி நேராக ஷார்ட்ஸ்டாப்பிடம் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) போனது. அந்தப் பையன் குனிந்தான், பந்து க்ளவ்வின் அடிப்பகுதியில் பட்டுக் காலடியில் உருண்டது. ஒரு ரன் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து கை தட்டினார்கள். ஆப் என்னிடம் கேட்டது: ஹிட்டா, எர்ரரா? தன் அடியால் பேஸ் சேர்ந்தால் ஹிட். எளிதாக எடுக்க வேண்டிய பந்தை ஃபீல்டர் விட்டதால் சேர்ந்தால் எர்ரர். நான் ஹிட்டைத் தொட்டேன். ஒரு நொடிகூட ஆகியிருக்காது. அடுத்து வந்தவன் டபுள் (இரண்டு பேஸ் அடி) அடித்தான், இன்னும் இரண்டு ரன்.

வீட்டுக்குப் போகும்போது காரில் பேச்சே இல்லை. காலுறையெல்லாம் செம்மண். சிக்னலில் நிற்கும்போது ஃபோனைப் பார்த்தவன், "அம்மா, அது எர்ரர்மா" என்றான். நான் பதில் சொல்லவில்லை. "எல்லாருக்கும் தெரியும்மா. டக்அவுட்ல பசங்களும் பாத்துட்டாங்க" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த பிட்சருக்கு மூணு ரன் ஏறிடும்ல?" என்று கேட்டான்.

அதுதான் என்னை உலுக்கியது. அவன் சொன்னது விதிப்படி சரி. ஷார்ட்ஸ்டாப் அந்தப் பந்தை எடுத்திருந்தால் மூன்றாவது அவுட், இன்னிங்ஸ் அங்கேயே முடிந்திருக்கும். எர்ரர் என்று எழுதினால் வந்த மூன்று ரன்னும் பிட்சர் (பந்து எறிபவன்) கணக்கில் சேராது. ஹிட் என்று எழுதினால் மூன்றும் அவன் தலையில் விழும். என் மகனுக்கு ஒரு ஹிட்டும் ஒரு ஆர்பிஐயும் (தன் அடியால் ரன் வரவைத்த கணக்கு) கொடுப்பதற்காக வேறொரு வீட்டுப் பிள்ளையிடமிருந்து நான் எடுத்திருந்தேன். மறுநாள் எதிரணிப் பள்ளியின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அவர்கள் பக்கம் எழுதியவர் எர்ரர் என்றே போட்டிருந்தார். ஆடிய மேட்ச் ஒன்று, இணையத்தில் கணக்கு இரண்டு. நான் என்னுடையதைத் திருத்தினேன்.

இது எனக்கு ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது என்று பிறகு யோசித்தேன். மகன் மேல் இருந்த ஆசை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கிரிக்கெட். திருச்சியில் சின்ன வயதில் அப்பாவோடு ரேடியோ வர்ணனை கேட்டபடி நோட்டில் ஸ்கோர் எழுதிப் பழகியவள் நான். கிரிக்கெட்டில் ஃபீல்டர் கோட்டைவிட்டாலும் பந்து எல்லையைத் தொட்டால் நாலு ரன் பேட்ஸ்மேனுக்குத்தான். கேட்ச் தவறினால் வர்ணனையாளர் வருத்தப்படுவார், ஸ்கோர்புக்கில் அதற்கு ஒரு கட்டமும் இருக்காது. பேஸ்பால் அப்படியில்லை. பேட்டர் பேஸுக்கு வந்துவிட்டான் என்பது வேறு, சம்பாதித்து வந்தானா என்பது வேறு. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் வேலையை இந்த ஆட்டம் ஸ்கோர் எழுதுகிறவருக்குக் கொடுத்திருக்கிறது. நம் கை கிரிக்கெட்டில் பழகிய கை. ஓடிச் சேர்ந்தால் ரன் என்றுதான் அதற்குத் தெரியும். அதனால் நாம் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

இதில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். பேஸ்பாலுக்குக் கணக்கு எழுதும் முறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் 1824இல் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்து, பத்திரிகையில் கிரிக்கெட் மேட்ச்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர். பாக்ஸ் ஸ்கோர் (மேட்சின் சுருக்க அட்டவணை), பேட்டிங் ஆவரேஜ், ஸ்ட்ரைக்-அவுட்டுக்கு (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) நாம் இன்றும் எழுதுகிற 'கே' எல்லாம் அவர் வழியாக வந்தவை. கிரிக்கெட்டிலிருந்து வந்த ஒருவர்தான் இந்தக் கட்டங்களைப் போட்டுக் கொடுத்தார் என்று நினைக்கும்போது நாமும் கற்றுக்கொள்ளலாம் என்று தைரியம் வருகிறது.

சரி, எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? விதிநூல் 'சாதாரண முயற்சி' என்ற ஒன்றை அளவாக வைக்கிறது. அந்த லீக்கில், அந்த இடத்தில் நிற்கும் சராசரி ஆட்டக்காரன் எடுக்கக்கூடிய பந்தா என்பதுதான் கேள்வி. டிவியில் வரும் ஷார்ட்ஸ்டாப் எடுப்பானா என்பது கேள்வி இல்லை. பதினாறு வயசுப் பையன் எடுப்பானா என்று பார்க்க வேண்டும். அருமையாகப் பாய்ந்து பிடிக்கப் பார்த்து நழுவவிட்டால், சந்தேகம் இருந்தால், ஹிட் கொடுங்கள் என்று விதியே சொல்கிறது. ஆனால் 'க்ளவ்வில் படாவிட்டால் எர்ரர் இல்லை' என்று மைதானத்தில் பலரும் அடித்துச் சொல்வார்கள். அது தவறு. கால் நடுவே புகுந்து போகும் பந்து எந்த க்ளவ்விலும் படுவதில்லை.

நான் பார்த்தவரையில் பெரும்பாலான பிழைகள் தீர்ப்பு சம்பந்தப்பட்டவைகூட இல்லை, தெரியாமல் வருபவை. முதல் பேஸில் ஒருவன் இருக்கிறான், பேட்டர் அடிக்கிறான், ஃபீல்டர் இரண்டாவது பேஸுக்கு எறிந்து அவனை ஃபோர்ஸ் அவுட் ஆக்குகிறார். பேட்டர் முதல் பேஸில் பத்திரமாக நிற்கிறான். இது ஃபீல்டர்ஸ் சாய்ஸ். ஹிட் இல்லவே இல்லை. ஆனாலும் ஹிட் என்று ஏறிவிடுகிறது. மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் நழுவவிட்டு பேட்டர் முதல் பேஸுக்கு ஓடிவிட்டால், அவன் பேஸில் இருந்தாலும் பிட்சருக்கு ஸ்ட்ரைக்-அவுட் உண்டு, அது விட்டுப்போகிறது. இன்னிங்ஸ் கணக்கில் 5.1 என்றால் ஐந்து இன்னிங்ஸும் ஒரு அவுட்டும். ஓவர் கணக்கில் 4.3 என்று எழுதிப் பழகிய நமக்கு இது புதிதில்லை. ஆனால் ஒரு அவுட் என்பது இன்னிங்ஸில் மூன்றில் ஒரு பங்கு. கால்குலேட்டரில் 5.1 என்று போட்டு வகுத்தால் ஈஆர்ஏ (ஒரு முழு மேட்சுக்குப் பிட்சர் கணக்கில் சராசரியாக ஏறும் ரன்) தப்பாக வரும்.

அந்த ஈஆர்ஏவிலேயே இன்னொரு குழப்பம் இருக்கிறது. பள்ளி மேட்ச் ஏழு இன்னிங்ஸ், தொழில்முறை மேட்ச் ஒன்பது. ஒரு பையன் 28 இன்னிங்ஸ் போட்டு, அவன் கணக்கில் 8 ரன் போயிருந்தால், அந்த ரன்னை ஏழால் பெருக்கி இன்னிங்ஸால் வகுத்தால் 2.00. ஆப்பின் அமைப்பில் ஒன்பது என்று இருந்தால் 2.57. பையன் ஒருவன்தான், கை ஒன்றுதான். இரண்டு பள்ளிகள் இரண்டு அமைப்பில் வைத்திருந்தால் அந்த இரு பிட்சர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

பேட்டிங் ஆவரேஜில் நம் தாராளம் எவ்வளவு தூரம் போகும் என்றும் பாருங்கள். சீசனில் ஒரு பையனுக்கு 60 ஆட்-பேட் (ஆவரேஜ் கணக்கில் சேரும் பேட்டிங் முறை) கிடைக்கிறது, 18 ஹிட் என்று வைத்துக்கொள்வோம். ஆவரேஜ் .300. நாலு எர்ரரை ஹிட் என்று எழுதினால் 22 ஹிட், .367. நல்ல ஆட்டக்காரன் மாவட்டத்திலேயே சிறந்த பேட்டர்களில் ஒருவனாகத் தெரிய நாலு தொடல் போதும். மேஜர் லீகில் ஒருவர் 600 ஆட்-பேட் ஆடினால் ஒரு ஹிட்டின் மதிப்பு இரண்டு புள்ளிக்கும் (ஒரு புள்ளி என்பது .001) குறைவு. நம் பிள்ளைகளுக்கு ஒரு ஹிட் என்பது பதினாறு, பதினேழு புள்ளி. சின்னக் கணக்கில் பிழை பெரிதாகத் தெரியும், மளிகைக் கடைப் பற்று நோட்டு மாதிரி.

இந்த எண்கள் எங்கே போகின்றன? முன்பெல்லாம் கோச் ராத்திரி ஊர்ப் பத்திரிகைக்கு ஃபோன் செய்து விவரம் சொல்வார். இப்போது கேம்சேஞ்சர் மாதிரியான ஆப்பில் ஒரு பெற்றோர் எழுதுவது, அங்கிருந்து மேக்ஸ்பிரெப்ஸ் மாதிரியான தளத்துக்குப் போகிறது. அங்கே ஏற்றுவது பெரும்பாலும் கோச்சோ அவர் சார்பில் வேறு யாரோதான். ஏற்றாத பள்ளிகளும் இருக்கின்றன. அதனால் 'மாநிலத்தில் முதல் பத்து' என்று ஒரு பட்டியலைப் பார்க்கும்போது, ஏற்றியவர்களுக்குள் முதல் பத்து என்று படிக்க வேண்டும். கல்லூரி கோச்கள் இதைத் தெரிந்தவர்கள். ஆவரேஜைப் பார்த்து யாரும் பையனை எடுப்பதில்லை. வேகம் அளக்கும் கருவியோடு நேரில் வருவார்கள், வீடியோ பார்ப்பார்கள், அறுபது கெஜம் ஓடச் சொல்வார்கள். அப்படியென்றால் எண் எதற்கு, விட்டுவிடலாமே என்று ஒரு அப்பா என்னிடம் கேட்டார். விட முடியாது. மாவட்ட அணிக்கு (மாவட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியல்) ஓட்டுப் போடும் கோச்கள் பார்க்கிறார்கள். ஊர்ப் பத்திரிகை எடுத்துப் போடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். அணியில் எவனுக்கு எத்தனை என்று ஒருவருக்கொருவர் மனப்பாடமாகத் தெரியும். எவனுடைய எண் எவன் அம்மா எழுதியது என்பதும் தெரியும்.

இந்த அழுத்தம் நமக்கு மட்டும் வந்ததில்லை. 1910இல் தொழில்முறை அமெரிக்கன் லீக்கின் பேட்டிங் பட்டத்துக்கு டை காப், நாப் லாஜோய் என்ற இரண்டு ஆட்டக்காரர்களுக்குள் போட்டி. ஜெயிப்பவருக்குச் சால்மர்ஸ் கம்பெனி கார் பரிசு. கடைசி நாளில் செயின்ட் லூயிஸில் லாஜோய் இரண்டு மேட்ச்களில் எட்டு ஹிட் எடுத்தார். காப்பைப் பிடிக்காத எதிரணி மேனேஜர், மூன்றாவது பேஸ் பையனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டதால், பந்தை மெல்லத் தட்டிவிட்டே லாஜோய் ஓடிக்கொண்டிருந்தார். எழுதிய ஒரு தீர்ப்பை ஹிட் என்று மாற்றினால் ஒரு புது சூட் வாங்கித் தருவதாக ஸ்கோரருக்கு ஆசை காட்டினார்கள். அவர் மாற்றவில்லை. அந்த எதிரணியின் மேனேஜரும் கோச்சும் வேலை இழந்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த ஸ்கோரரை நினைத்தால் எனக்கு மரியாதையாக இருக்கிறது. நமக்கு யாரும் சூட் தருவதில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு பார்வை வருகிறது, அவ்வளவுதான். அந்தப் பார்வை சூட்டைவிடக் கனமானது என்று எனக்குத் தெரியும். பிறகு அதே வருடத்துக் கணக்கில் காப்பின் ஒரு மேட்ச் இரண்டு முறை சேர்க்கப்பட்டிருந்தது எழுபது வருடம் கழித்து வெளியே வந்தது. ஹாக் வில்சன் என்ற ஆட்டக்காரரின் 1930ஆம் வருட ஆர்பிஐ 190 என்று இருந்ததை 1999இல் 191 என்று திருத்தினார்கள். பெரிய லீகிலேயே பிழை வரும். தெரிந்தபின் என்ன செய்கிறோம் என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

இப்போது எண்களிலேயே முக்கியமானது. பிட்ச் கவுன்ட்.

ஹிட்டும் எர்ரரும் பிள்ளையின் பெயரைத் தொடுபவை. இது அவன் முழங்கையைத் தொடுவது. 2017 சீசனிலிருந்து, எறிந்த பந்துகளின் எண்ணிக்கையை வைத்து ஓய்வு நாட்களை நிர்ணயிக்கும் விதி ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்க வேண்டும் என்று தேசியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு சொல்லிவிட்டது. டெக்சாஸில் ஒரு நாளைக்கு 110க்கு மேல் எறியக் கூடாது. 86ஐத் தொட்டால் நாலு நாள் ஓய்வு. 66லிருந்து 85 வரை மூன்று நாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் பிட்சரை ஆறாவது இன்னிங்ஸில் கோச் எடுத்தார். என்னுடைய எண் 84. எதிரணிக்கு எழுதிய பெண்ணின் எண் 89. எங்கள் மைதானம், அதனால் என் புத்தகம்தான் செல்லும். 84 என்றால் அவன் சனிக்கிழமை போடலாம், 89 என்றால் முடியாது. கோச் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணின் நாற்காலிக்குப் போனேன். இரண்டு பேரும் ஒவ்வொரு பேட்டராகப் பின்னோக்கிப் பார்த்தோம். நாலாவது இன்னிங்ஸில் ஒரு பையன் இரண்டு ஸ்ட்ரைக்குக்கு அப்புறம் வரிசையாக ஃபவுல் (கோட்டுக்கு வெளியே போகும் அடி) அடித்துக்கொண்டே இருந்தான். இரண்டு ஸ்ட்ரைக்குக்கு மேல் ஃபவுல் அடித்தால் ஸ்ட்ரைக் ஏறாது, ஆனால் அது எறிந்த பந்துதான். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஐந்து ஃபவுலை விட்டிருந்தேன். 89 தான் சரி. கோச் ஒன்றும் சொல்லாமல் சனிக்கிழமைக்கு வேறு பையனை வைத்தார். அன்று நான் அந்தப் பெண்ணிடம் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் யோசிப்பேன்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு அரை இன்னிங்ஸ் முடிந்ததும் எதிரணி ஸ்கோரரோடு பிட்ச் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். வெட்கப்பட வேண்டாம், பத்து நொடி வேலை. மேட்ச் முடிந்ததும் கிளம்பும் முன் இரண்டு புத்தகத்தையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எங்கள் பேட்டர்கள் எடுத்த ஹிட், அவர்கள் பிட்சர்கள் கொடுத்த ஹிட்டோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு பக்கத்து வரவு மறுபக்கத்துச் செலவு. விதிநூலிலேயே ஒரு அழகான சரிபார்ப்பு இருக்கிறது. எங்கள் அணிக்கு ஆட்-பேட் 28, வாக் (நாலு தப்பான பந்தால் இலவசமாக முதல் பேஸ் போவது) 4, பந்து பட்டு பேஸ் போனவன் ஒருவன் என்றால் மொத்தம் 33. மறுபக்கம் நாங்கள் எடுத்த ரன் 5, பேஸில் நின்றுபோனவர்கள் 7, எதிரணி எடுத்த அவுட் 21, அதுவும் 33. சாக்ரிஃபைஸ் (தான் அவுட் ஆகி மற்றவனை முன்னேற்றும் அடி) இருந்தால் முதல் பக்கத்தில் அதையும் சேர்க்க வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் யாரோ ஒரு பேட்டர் எங்கேயோ விட்டுப்போயிருக்கிறான். இந்தக் கணக்கு ஹிட்டையும் எர்ரரையும் பிரித்துக் காட்டாது. அதற்கு மனசாட்சிதான்.

அதற்கும் நான் கண்ட ஒரு வழி உண்டு. என் பிள்ளை அடித்த பந்தை நான் தீர்மானிக்க மாட்டேன் என்று கோச்சிடம் சொல்லிவிட்டேன். அவன் வரும்போது உதவிக் கோச் டக்அவுட்டிலிருந்து விரலைக் காட்டுவார், நான் அதையே எழுதுவேன். பிட்சரின் அப்பா எல்லாவற்றையும் எர்ரர் என்பார், ஷார்ட்ஸ்டாப்பின் அம்மா எல்லாவற்றையும் ஹிட் என்பார். யாரையும் குறை சொல்ல மாட்டேன், பாசம் அப்படித்தான். ஆனால் ஃபோன் கையில் இருக்கிற இரண்டு மணி நேரம் நாம் பதினெட்டு பிள்ளைகளுக்கும் எழுதுகிறோம். தீர்ப்பை மாற்ற வேண்டியிருந்தால் 24 மணி நேரத்துக்குள் மாற்றுங்கள். தொழில்முறை ஸ்கோரருக்கும் விதி கொடுத்திருக்கும் அவகாசம் அதுதான். சீசன் கடைசியில், மாவட்ட அணி ஓட்டுக்கு முந்தின ராத்திரி பழைய மேட்ச்களைத் திறந்து ஹிட் சேர்க்கும் பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

உங்கள் கோச்சிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ஈஆர்ஏ ஏழுக்கா ஒன்பதுக்கா, எல்லா மேட்சும் ஏற்றப்படுகிறதா, யார் ஏற்றுகிறார். விடுபட்ட மேட்ச் இருந்தால் 'இத்தனை மேட்ச்களுக்கு மட்டும்' என்று பக்கத்தில் போடச் சொல்லுங்கள். பாதிக் கணக்கு என்று தெரிந்து படிப்பதில் தப்பில்லை.

பிப்ரவரி கடைசியில் சீசன் தொடங்கிவிடும். என் மகன் இப்போது கல்லூரியில், அங்கே ஆடவில்லை. அவனுடைய கடைசி வருட ஆவரேஜ் .281. அந்தப் பக்கம் இன்னும் இணையத்தில் இருக்கிறது. போன மாதம் லீவுக்கு வந்தவன் நண்பனுக்கு அதைக் காட்டிக்கொண்டிருந்தான். "இது எங்க அம்மா எழுதினது" என்று சொல்வது சமையலறையில் எனக்குக் கேட்டது. அப்புறம் இரண்டு பேரும் அந்த வருடத்து மேட்ச் ஒன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்புடன்,
மூன்று சீசன் ஸ்கோர் எழுதிய ஒரு அம்மா
டெக்சாஸ்